நியூ ஜெர்சியின் சப்போர்ட்ஸ் புரோகிராம்: பட்ஜெட் வந்துவிடும், ஆள் வருவாரா?

எங்கள் மகனுக்கு இப்போது 24 வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு மிகக் குறைவு. இருபத்தொரு வயதில் பள்ளிக்கூடம் முடிந்ததிலிருந்து நியூ ஜெர்சி அரசின் டி.டி.டி. (வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு) மூலமாக, வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பணத்தில் நடக்கும் சப்போர்ட்ஸ் புரோகிராமில் இருக்கிறான். எடிசன், பிஸ்கட்டவே, பிளெயின்ஸ்போரோ பக்கம் பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் "அது எப்படி இருக்கு, சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் சேருங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். திட்டத்தின் அமைப்பு எனக்கு மனதாரப் பிடிக்கிறது. ஒன்றரையைக் குறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இந்தத் திட்டம் பிள்ளை இருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பணம் தருகிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர் வேலையில் நிலைத்திருக்கும் அளவுக்குத் தருவதில்லை.

பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால்தான் இதன் நல்லதும் கெட்டதும் புரியும். மெடிக்கெய்ட் 1965-ல் வந்தது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து போடும் பணம். நியூ ஜெர்சிக்கு இந்தச் சேவைகளில் பாதிக்குப் பாதி. 1981 வரை, கடுமையான குறைபாடு உள்ள ஒருவரின் நீண்ட காலப் பராமரிப்புக்கு மெடிக்கெய்ட் பணம் வேண்டுமென்றால், பெரும்பாலும் பெரிய பராமரிப்பு மையத்துக்குள் போய் இருக்க வேண்டியதுதான். அந்த ஆண்டில்தான், வீட்டிலும் ஊருக்குள்ளும் வைத்துப் பார்த்துக்கொள்ள அதே பணத்தைச் செலவிடலாம் என்று மாநிலங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வெய்வர், வெய்வர் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1999-ல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியே வாழக்கூடிய ஒருவரைத் தக்க காரணமில்லாமல் மையத்துக்குள் வைத்திருப்பது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. எடிசனுக்குப் பக்கத்து ஊரான வுட்பிரிட்ஜில் அப்படி ஓர் அரசு மையம் இருந்தது. 2015 ஜனவரியில்தான் மூடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டோட்டோவாவில் இருந்ததை மூடினார்கள். இன்னும் ஐந்து மையங்கள் இந்த மாநிலத்தில் நடக்கின்றன. என் மகன் நாற்பது ஆண்டுகள் முன்னால் பிறந்திருந்தால் அவனுக்கும் அந்த வுட்பிரிட்ஜ் மையத்தைத்தான் காட்டியிருப்பார்கள். அதனால் மெடிக்கெய்ட் சீர்திருத்தம் என்று செய்தியில் வந்தால் எனக்கு அது கணக்கு வழக்குச் சமாச்சாரமாக மட்டும் தெரிவதில்லை.

பார்லினில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறார். அவர் மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பழைய முறை எப்படி இருந்தது என்பதை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது அரசாங்கம் ஒவ்வொரு சேவை நிறுவனத்தோடும் ஆண்டு ஒப்பந்தம் போட்டு மொத்தமாகப் பணம் கொடுக்கும். நிறுவனத்தில் இத்தனை இடம் என்று இருக்கும். பெண்ணுக்கு ஒரு இடம் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "பிடிக்கலைன்னா எங்க போறது? எடத்தை விட்டா பணமும் அங்கேயே நின்னுடும்" என்றார் மாமி. பெண் காய்ச்சலில் ஒரு வாரம் போகாவிட்டாலும் நிறுவனத்துக்கு வருமானம் குறையாது. அதே சமயம், அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா என்று பார்க்க வேண்டிய கட்டாயமும் பணத்தின் பக்கத்திலிருந்து வராது.

2012-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட பெரிய வெய்வரின் கீழ் நியூ ஜெர்சி இதை மாற்றத் தொடங்கியது. சப்போர்ட்ஸ் புரோகிராம் 2015-ல் ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தது. 2017-ல், அதிகப் பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கான கம்யூனிட்டி கேர் புரோகிராமும் அதே வெய்வருக்குள் வந்தது. இப்போது பணம் ஆளோடு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்ஜெட். எந்த நிறுவனத்தில் சேவை வாங்குகிறோமோ அந்த நிறுவனம், செய்து முடித்த சேவைக்கு மெடிக்கெய்டிடம் பில் போடுகிறது. பிள்ளைகள் பகல் நேரத்தில் போய் இருக்கும் டே புரோகிராமுக்கு 15 நிமிடம் ஒரு யூனிட். பிடிக்காவிட்டால் நாம் வேறு இடம் போகலாம், பட்ஜெட் கூடவே வரும். மாமி இதைத் தன் வாழ்நாளில் பார்த்த நல்ல மாற்றங்களில் ஒன்று என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பெற்றோருக்கு முதல் தடவையாக "நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொல்ல ஒரு பலம் வந்திருக்கிறது.

பட்ஜெட் எவ்வளவு என்பதை என்.ஜே.கேட் என்ற மதிப்பீடு முடிவு செய்கிறது. தன் வேலையைத் தானே செய்வது, நடத்தை, உடல்நலம் என்று பல கேள்விகள். பதில்களை வைத்து ஏ-யிலிருந்து எஃப் வரை ஒரு நிலை கொடுப்பார்கள். நடத்தை அல்லது மருத்துவத் தேவை அதிகம் இருந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏ சேரும், அதற்குத் தனியாகக் கூடுதல் தொகை. நிலை உயர்ந்தால் சேவை நிறுவனத்துக்கு யூனிட்டுக்குக் கிடைக்கும் கட்டணமும் உயரும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசித்தான் பழக்கம். "சட்டை தானே போட்டுக்கொள்வானா?" என்று கேட்டால் "ஓ, போட்டுக்குவானே" என்று வாய் வந்துவிடும். என் மகன் சட்டை போட்டுக்கொள்வான்தான். நான் சட்டையை விரித்து வைத்து, கையில் கொடுத்து, "இந்தக் கை... இப்ப அந்தக் கை" என்று சொல்லிக்கொண்டே நின்றால் போட்டுக்கொள்வான். நான் நகர்ந்துவிட்டால் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் அந்த மதிப்பீட்டில் எண்ணாக மாறுகிறது, அப்புறம் டாலராக மாறுகிறது. யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். நானும் என் கணவரும் பள்ளிக்கூடத்து அறிக்கைகளையும் டாக்டரின் கடிதங்களையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் அவனுடைய மோசமான நாளை மனதில் வைத்துப் பதில் சொன்னோம். சொல்லும்போது நெஞ்சு அடைத்தது. ஆனாலும் அதுதான் உண்மை. முடிவு சரியில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இப்படிச் சூத்திரம் வைத்துப் பட்ஜெட் போடுவது எல்லா மாநிலத்திலும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஐடஹோவில் பலருக்கு பட்ஜெட் திடீரென்று குறைந்தது. ஏன் என்று கேட்டபோது, சூத்திரம் வெளியே சொல்லக்கூடாத தொழில் ரகசியம் என்று மாநிலம் சொன்னது. 2012-ல் குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2016-ல் அந்தச் சூத்திரம் ஏற்கத்தக்கதல்ல என்று நீதிமன்றம் சொன்னது. நியூ ஜெர்சியில் எந்த நிலைக்கு எவ்வளவு பட்ஜெட், எந்தச் சேவைக்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. அந்த வெளிப்படைத்தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். உட்கார்ந்து படித்தால் புரிகிற மாதிரியும் இருக்கிறது.

சரி, பட்ஜெட் கடிதம் வந்துவிட்டது. அந்தத் தொகையைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடாதவர்கள் இல்லை. ஆனால் அது நம் கைக்கு வரும் பணமில்லை. பிள்ளைக்கென்று போடும் ஆண்டுத் திட்டத்தில் எழுதி, அனுமதி வாங்கி, சேவை செய்ய ஒரு நிறுவனமோ ஆளோ ஒப்புக்கொண்டு, அவர் உண்மையிலேயே வந்து நின்றால்தான் அது சேவை. அதுவரைக்கும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நாங்கள் முதலில் சேர்த்த டே புரோகிராம் காரில் இருபது நிமிடம். இடம் சுத்தமாக இருந்தது. ஒரு சமையல் பயிற்சி அறை, தோட்டம், வாரம் இரண்டு முறை வெளியே கூட்டிப்போவார்கள். அவன் குழுவைப் பார்த்துக்கொண்டவர் கானா நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மகன் கோபப்படுவதற்கு முன்னால் வலது காதுமடலை இரண்டு விரலால் பிடித்து அழுத்துவான். முதலில் மெதுவாக, அப்புறம் காது சிவக்கும் வரை. அந்த நிலையில் அவனிடம் பேசக்கூடாது. சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் தானே சரியாகிவிடுவான். பேச ஆரம்பித்தால் கையைக் கடித்துக்கொள்வான், பக்கத்தில் இருப்பவரை அடிப்பான். இதை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் எழுதிக் கொடுப்பது வேறு, பார்த்துப் பழகுவது வேறு. அந்தப் பெண்மணி சில வாரங்களில் எனக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். காதைத் தொடுவதற்கும் முன்னால் அவன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறானாம். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வந்து அவன் தோள் பக்கம் நின்றுகொள்வார், அவ்வளவுதான். காதுவரை போகாமலேயே அடங்கிவிடும். அவர் இருந்த காலத்தில் அங்கிருந்து எனக்கு ஒரு புகார் போன்கூட வந்ததில்லை.

ஒரு வருஷம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டார். டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக இருக்கிற கிடங்குகளில் ஒன்றில் மணிக்குச் சில டாலர் அதிகம் கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

அதற்கப்புறம் அந்த இடத்துக்குப் புதுப்புது முகங்கள். ஒருவர் பழகுவதற்குள் அடுத்தவர். மூடியின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. காதுமடல் புண்ணாகி வீட்டுக்கு வந்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு "வந்து அழைத்துப் போங்கள்" என்று போன் வர ஆரம்பித்தது. அவனை அனுப்பிவிட்டால் மீதி நேரத்துக்கு அவர்களால் பில் போட முடியாது, நஷ்டம் அவர்களுக்கும்தான். அப்படியும் அனுப்பினார்கள், ஏனென்றால் அவனோடு தனியாக உட்கார ஆள் இல்லை. கடைசியில் அவனுடைய நிலைக்குக் கிடைக்கும் கட்டணத்தில் தங்களால் முடியவில்லை என்று அந்த மேலாளர் நேராகவே சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. கட்டணத்துக்குள் வாடகை, வேன், காப்பீடு, பில் போடும் மென்பொருள் எல்லாம் அடங்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். பழைய முறையில் மாதாமாதம் முன்பணம் வரும். இப்போது சேவை செய்து, பில் போட்டு, அப்புறம்தான் பணம். பெரிய நிறுவனங்கள் தாங்குகின்றன. ஓரிரு இடம் மட்டும் நடத்தும் சின்ன நிறுவனங்களுக்கு மூச்சு முட்டுகிறது.

நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 15.49 டாலர், 2026-ல் 15.92. சில்லறைக் கடையில் அடுக்கி வைக்கும் வேலைக்கும் அதுதான் அடிப்படை. குளிக்க வைக்கவும், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவைத்திருக்கவும், அடி வாங்கினாலும் குரல் உயர்த்தாமல் இருக்கவும் வேண்டிய ஒரு வேலைக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கிறது. மாநில பட்ஜெட்டில் இந்த ஊழியர்களின் கூலிக்கென்று சில ஆண்டுகள் கூடுதல் பணம் ஒதுக்கினார்கள். ஆனால் அடிப்படைக் கூலியும் கூடவே ஏறுவதால் இடைவெளி பெரிதாவதில்லை. 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி ஒன்று, வீட்டுப் பராமரிப்புச் சேவைகளுக்குத் தரும் மெடிக்கெய்ட் பணத்தில் 80 சதவீதம் நேரடியாக ஊழியருக்குப் போக வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வர 2030 ஆகும், டே புரோகிராமுக்கு அந்த 80 சதவீதம் பொருந்தவும் பொருந்தாது. என் மகன் பகல் பொழுதைக் கழிக்கும் இடத்துக்குத்தான் அது முதலில் வேண்டும்.

டே புரோகிராமுக்கு இன்னொரு வரம்பு, வாரம் 30 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போகும் அப்பா அம்மாவுக்கு இது போதாது. மீதி நேரத்துக்கு பட்ஜெட்டின் இன்னொரு பகுதி இருக்கிறது, தனிநபர் மற்றும் குடும்ப ஆதரவு என்று. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதில் நாமே ஆளைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைக்கலாம். சம்பளம், வரி, பின்னணிச் சோதனை எல்லாவற்றையும் இடையில் இருக்கும் ஒரு நிதி நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கூலியை ஒரு வரம்புக்குள் நாமே முடிவு செய்யலாம்.

மிடில்செக்ஸ் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை வைத்திருக்கிறோம். மாலையில் வருவான். ஒரு டே புரோகிராம் கொடுக்கும் கூலியைவிட நாங்கள் அதிகம் கொடுக்க முடிகிறது, ஏனென்றால் நடுவில் கட்டட வாடகை இல்லை. இருவரும் மெட்ரோபார்க் ரயில் நிலையத்துக்குப் போவார்கள். என் மகனுக்கு ரயில் என்றால் உயிர். சாதாரண ரயில் நின்று போகும், நிற்காத ஆம்ட்ராக் ரயில் அதிர்ந்துகொண்டு பாயும். அது வருவதற்கு முன்னாலேயே தண்டவாளத்தின் சத்தத்தில் தெரிந்துகொண்டு, அந்தப் பையனின் சட்டைக் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுப்பான். முன்பெல்லாம் நாங்கள்தான் அவனை இழுக்க வேண்டும். இது அவனுடைய திட்டத்தில் 'வெளியிடங்களில் பாதுகாப்பு' என்ற இலக்காக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஏதாவது ஓர் இலக்கோடு சேர்த்து எழுதினால்தான் அந்த நேரத்துக்குப் பணம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோவிலையும் அப்படித்தான் சேர்த்தோம். 2014-ல் வந்த மத்திய விதிப்படி, இந்தப் பணத்தில் சேவை பெறுபவர் தன் ஊர் வாழ்க்கையில் கலந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளையின் ஊர் வாழ்க்கை கோவில் கேன்டீனில் வரிசையில் நின்று தட்டு வாங்குவது. வால்மார்ட்டைச் சுற்றி வருவதைவிட அது அவனுக்குச் சொந்தமானது. எழுதிக் கொடுத்தோம், ஒப்புக்கொண்டார்கள். நம் பழக்கவழக்கங்களைத் திட்டத்தில் எழுதச் சொல்லி ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் கேட்க வேண்டும் என்பேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வீட்டுச் சேவைக்கு வருபவர் போனில் வந்த நேரம், போன நேரம் பதிய வேண்டும். 2016-ல் வந்த மத்தியச் சட்டம் அது. என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, எந்தத் தேதி, எங்கே, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஆறு விவரம். பொய்க் கணக்கைத் தடுக்க இது தேவைதான், எதிர்க்கவில்லை. ஆனால் மொத்த அமைப்பும் எதை அளக்கிறது என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. டே புரோகிராமில் 15 நிமிட யூனிட், வீட்டில் போன் பதிவு. மூடியின் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்தாரே, அவருக்கும், அடுத்த மேசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே கட்டணம். கட்டணம் போடுபவர்கள் ஒரே ஊழியர் எவ்வளவு காலம் ஒரே பிள்ளையோடு இருந்திருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்து, அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எவ்வளவோ மாறும். அது ஒன்றும் அளக்க முடியாத விஷயமில்லை. சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

சப்போர்ட் கோஆர்டினேட்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இவர்தான் பிள்ளையின் ஆண்டுத் திட்டத்தை எழுதுபவர். மாதம் ஒரு முறை பேச வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வர வேண்டும். இவருக்கான செலவு நம் பட்ஜெட்டில் கழியாது. எங்கள் முதல் ஏஜென்சியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கத் தாமதமாகி அனுமதி காலாவதியாகிவிட்டது. அனுமதி இல்லாத நாளுக்கு யாரும் பில் போட முடியாது, எனவே பிள்ளை வீட்டில். ஏஜென்சியை மாற்றினோம். இப்போது இருப்பவர் புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே எங்களைக் கூப்பிடுகிறார். பிடிக்காவிட்டால் மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம்.

நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். "நாங்கள் இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கிறோம், எங்களுக்கு எப்படி மெடிக்கெய்ட்?" என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் அப்பா அம்மா வருமானம் கணக்கில் வராது. எஸ்.எஸ்.ஐ. என்ற மத்திய அரசின் மாத உதவித்தொகை கிடைத்தால் மெடிக்கெய்ட் தானாக வரும். ஆனால் பிள்ளை பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது. ஊரில் தாத்தா பாட்டி ஆசையாகப் பேரன் பெயரில் போட்டு வைத்த வைப்புத்தொகையும் இதில் சேரும். மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கு ஒன்று தொடங்கி அதில் போட்டு வைத்தால் ஒரு லட்சம் டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் எடுக்காது. கிரீன் கார்டு இருந்தாலும் எஸ்.எஸ்.ஐ.க்குத் தனி நிபந்தனைகள் உண்டு: கார்டு வாங்கி ஐந்து ஆண்டு, கூடவே 40 காலாண்டு வேலைக் கணக்கு. பிள்ளை சிறுவயதில் இருந்தபோது பெற்றோர் உழைத்த காலாண்டுகளை அதில் சேர்க்கலாம்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சேவை கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்களில், பிள்ளைக்கு 21 ஆகும்போது பள்ளியும் முடிகிறது, பெற்றோரைச் சார்ந்த விசாவும் முடிகிறது. பேச்சு வராத ஒரு பிள்ளைக்கு மாணவர் விசாவுக்கு மாற வழி ஏது? இப்படி இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் வருவதில்லை.

வீடு மலிவு என்று டெக்சாஸ் போக நினைப்பவர்களுக்கு: வெய்வர் மாநில எல்லையோடு நின்றுவிடும். அங்கே போய்ப் பெயர் எழுதினால், முக்கியமான வெய்வர்களுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியில் கம்யூனிட்டி கேர் புரோகிராமுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு, சப்போர்ட்ஸ் புரோகிராமுக்கு இல்லை. சொத்து வரியைத் திட்டிக்கொண்டே நாங்கள் இங்கே இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இனி வரப்போவதுதான் கவலை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம், பத்து ஆண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவை ஒரு லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான அளவு குறைக்கும் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. வேலை செய்தால்தான் மெடிக்கெய்ட் என்ற அந்தச் சட்டத்தின் நிபந்தனையிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. அதைச் சொல்லி உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். ஆனால் மெடிக்கெய்ட் சட்டப்படி முதியோர் பராமரிப்பு இல்லம் கட்டாயச் சேவை, வீட்டிலும் ஊரிலும் தரும் சேவை மாநிலம் விரும்பினால் தருவது. மத்தியப் பணம் குறைந்தால் மாநிலம் எதில் கை வைக்கும்? முன்னால் சொன்ன ஐடஹோவிலேயே 2025-ல் சேவைக் கட்டணங்களில் பெரும்பாலானவற்றை 4 சதவீதம் குறைத்தார்கள். 4 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். வாடகையும் காப்பீடும் குறையாது, எனவே அந்த 4 சதவீதம் ஊழியரின் கூலியில்தான் போய் விழும்.

இப்போது என் மகன் போகும் டே புரோகிராம் சின்ன இடம். பளபளப்பு இல்லை, வேன் பழையது. அங்கே முதல் நாள் நான் கேட்ட கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். இங்கே நேரடியாகப் பிள்ளைகளோடு இருப்பவர்களில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பவர் யார்? அவரை நான் சந்திக்கலாமா? அவர் லீவு போட்டால் யார் வருவார்? கடந்த மாதம் எத்தனை பெற்றோரைச் சீக்கிரம் வந்து அழைத்துப் போகச் சொன்னீர்கள்? முந்தைய இடங்களில் இதற்கு மழுப்பினார்கள். இங்கே மேலாளர் ஒரு நடுத்தர வயதுக்காரரைக் கூப்பிட்டு, "இவர் பத்து வருஷமாக இருக்கிறார், இவரிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் என்னிடம் முதலில் கேட்டது, "கோபம் வருவதற்கு முன்னால் உங்கள் பையன் என்ன செய்வான்?" என்று. அன்றைக்கே சேர்த்துவிட்டோம்.

மாநிலத்தின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால், வசந்த காலத்தில், சட்டமன்ற பட்ஜெட் குழுக்கள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். பெயர் பதிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சில நிமிடம் பேசலாம். நேரில் முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். இந்த முறை நான் பெயர் கொடுக்கப் போகிறேன். எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள், பார்லின் மாமியும் வருகிறேன் என்றிருக்கிறார். கேட்கப் போவது ஊழியர் கூலி ஒன்றைத்தான். எடிசன் பக்கம் இருப்பவர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், காரில் இடம் இருக்கிறது.